ஒரு பிரிண்டர், மூன்று கம்ப்யூட்டர்: சீரியல் கேபிள் இணைப்பு

மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர். உள்ளே கணக்குப்பிள்ளையின் மேஜையில் ஒன்று. பின்கட்டில் குடோன் பொறுப்பாளரிடம் சரக்கு வரத்து, போக்கு எழுத ஒன்று. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. பழையது டாஸில் ஓடும் பில்லிங் புரோகிராமோடு இன்னும் சோர்வில்லாமல் உழைக்கிறது. ஆனால் கார்பன் வைத்துப் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றுதான். குடோனில் டெலிவரி சீட்டு வேண்டுமென்றால் பையன் கல்லாவுக்கு ஓடி வருகிறான். கணக்குப்பிள்ளைக்குப் பாக்கிப் பட்டியல் வேண்டுமென்றால் கேபிளைப் பிடுங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகிக்கொள்கிறார். தீபாவளி வியாபாரத்தில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு மூன்று பிரிண்டர் வாங்குவது ஒரு வழி. இருக்கும் ஒரு பிரிண்டரை மூன்று கம்ப்யூட்டர்களும் பங்கிட்டுக்கொள்ளச் செய்வது இன்னொரு வழி. பழைய கம்ப்யூட்டர்களில் அனேகமாக எல்லாவற்றிலும் இருக்கும் சீரியல் துளையை வைத்தே இதைச் செய்யலாம். அதற்கான விவரங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம். கேபிளை நீங்களே பற்றவைக்கப் போவதில்லை என்றாலும் படித்து வைத்துக்கொள்வது நல்லது. வேலைக்கு வரும் மெக்கானிக்கிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம்.

1. டாட் மேட்ரிக்ஸ் ஏன் இன்னும் தேவை?

2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. விதிகளின்படி, பொருள் விற்பவர் போடும் வரிப் பட்டியல் மூன்று படிகளாக இருக்க வேண்டும். மூலம் வாங்குபவருக்கு; இரண்டாம் படி சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு; மூன்றாம் படி விற்பவருக்கு. இ-இன்வாய்ஸ் போடும் கட்டாயம் இல்லாத நம்மைப் போன்ற வணிகர்களுக்கு இந்த மூன்று படி வேலை தினசரி வேலை. ஊசியால் நாடாவைத் தட்டி அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் கார்பன் தாளில் ஒரே அடியில் மூன்று படியையும் தருகிறது. லேசர், இங்க்ஜெட், தெர்மல் எதனாலும் அது முடியாது. தெர்மல் தாளில் அடித்தது நாளாவட்டத்தில் மங்கியும் போகும். நாடாவில் அடித்தது வருடக்கணக்கில் நிற்கும். ஆகவே இந்தப் பிரிண்டரை ஓரங்கட்டுவதைவிட அதன் உழைப்பை எல்லா மேஜைக்கும் கொண்டுபோவதே நமக்கு லாபம்.

2. சீரியல் என்றால் என்ன?

லாரியிலிருந்து மூட்டை இறக்குவதை நினைத்துப் பாருங்கள். எட்டு ஆட்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே அகலமான வாசல் வழியாக எட்டு மூட்டையை ஒரே நேரத்தில் கொண்டுவந்தால் அது பேரலல். ஒரே சின்ன வாசல் வழியாக ஒருவர் பின் ஒருவராக எட்டு மூட்டையும் வந்தால் அது சீரியல்.

பேரலல் வேகமானது. ஆனால் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். தூரம் கூடினால் ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார், கணக்குக் குழம்பிவிடும். அதனால்தான் பேரலல் பிரிண்டர் கேபிள் சுமார் 10 அடிக்கு மேல் போனால் நம்ப முடிவதில்லை. சீரியலில் ஒற்றை வரிசை என்பதால் இந்தத் தொல்லை இல்லை. இதற்கான ஆர்.எஸ்.232 என்ற விதிமுறை 1960-இல் அமெரிக்காவில் வந்தது. 1969-இல் வந்த அதன் 'சி' பதிப்பில் சொல்லப்பட்ட கேபிள் நீளம் 50 அடி, அதாவது சுமார் 15 மீட்டர். நம் கடைகளில் கல்லாவுக்கும் குடோனுக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும்.

3. துளைகளை அடையாளம் காணுங்கள்

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஊசிகள் வெளியே தெரிவதை ஆண் கனெக்டர் என்றும், துளைகள் தெரிவதை பெண் கனெக்டர் என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

9 ஊசி உள்ள ஆண் கனெக்டர்: சீரியல். 'காம் 1', 'காம் 2' என்று பெயர்.
25 ஊசி உள்ள ஆண் கனெக்டர்: இதுவும் சீரியல்தான், மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும்.
25 துளை உள்ள பெண் கனெக்டர்: பேரலல். 'எல்பிடி 1' என்று பெயர்.

ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட முதல் பி.சி.யிலேயே சீரியலும் பேரலலும் ஒரே அளவுள்ள 25 ஊசி வடிவத்தில்தான் வந்தன. 1984-இல் வந்த ஏ.டி. மாடலில் சீரியல் 9 ஊசியாகச் சுருங்கியது. ஆனால் பல பிரிண்டர்களில் சீரியல் துளை 25 ஊசி வடிவத்திலேயே தொடர்ந்தது. இங்கேதான் ஆபத்து. பேரலல் துளை 5 வோல்ட்டில் வேலை செய்வது. சீரியல் லைனில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் வரை வரும். ஒரே வடிவமாக இருக்கிறதே என்று மாற்றிச் செருகினால் பேரலல் துளைக்கு உயிர் போகலாம். 'நுழைகிறது, அதனால் சரி' என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு சீட்டு ஒட்டி, எது எங்கே என்று எழுதி வையுங்கள்.

4. முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

சுவிட்ச் பெட்டி வாங்கக் கிளம்பும் முன் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். எப்சன் எல்.எக்ஸ்.-300 போன்ற பிரிண்டர்களில் பேரலல், சீரியல் இரண்டு துளைகளும் சேர்ந்தே வந்தன. எல்.எக்ஸ்.-310-இல் இவற்றோடு யூ.எஸ்.பி.யும் உண்டு. எந்தத் துளையில் செய்தி வருகிறதோ அதைப் பிரிண்டரே தேர்ந்துகொள்ளும் 'ஆட்டோ' அமைப்பு இவ்வகையில் உள்ளது. ஒரு துளையில் வரும் செய்தி நின்றபின் இத்தனை நொடி காத்திருந்து அடுத்த துளைக்கு மாற வேண்டும் என்பதையும் குறித்து வைக்கலாம்.

அப்படியானால் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரைப் பேரலல் கேபிளிலும், தூரத்துக் குடோன் கம்ப்யூட்டரை சீரியல் கேபிளிலும் இணைத்துவிட்டால் போதும். இரண்டு கம்ப்யூட்டருக்குத் தனியாகப் பெட்டியே வேண்டாம். கேபிள் செலவு மட்டும்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். காத்திருக்கும் நேரத்தை மிகக் குறைவாக வைத்தால், பில்லின் நடுவே கம்ப்யூட்டர் சற்று நிதானித்த நேரத்தில் பிரிண்டர் அடுத்த துளைக்குப் போய்விடலாம். 10 நொடி, 30 நொடி என்று இரண்டு தேர்வு இருந்தால், பெரிய பட்டியல் அடிக்கும் கடைகள் 30-ஐ வைத்துக்கொள்வது பத்திரம்.

5. வேகம் போதுமா?

'சீரியல் மெதுவாயிற்றே, பில் தாமதமாகாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சீரியலில் வழக்கமான வேகம் 9600. அதாவது நொடிக்கு 9600 பிட். ஒரு எழுத்துக்கு 8 பிட். தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஆக 10 பிட். எனவே நொடிக்கு 960 எழுத்து போகும். 40 வரி, வரிக்கு 80 எழுத்து உள்ள பில்லில் 3200 எழுத்து. அது கேபிளில் போய்ச் சேர மூன்றரை நொடிக்கும் குறைவு. நொடிக்கு 200 எழுத்து அடிக்கும் பிரிண்டர் அதைத் தாளில் அடிக்க 16 நொடி எடுக்கும். ஆகவே காத்திருக்க வைப்பது கேபிள் அல்ல, பிரிண்டரின் தலைதான். எழுத்தாக அடிக்கும் பில்லுக்கு 9600 தாராளம்.

படமாக அடிக்கும்போது கணக்கு வேறு. தமிழில் சரக்குப் பெயர், கடைச் சின்னம் போன்றவை பல புரோகிராம்களில் புள்ளிகளாகவே பிரிண்டருக்குப் போகின்றன. அங்குலத்துக்கு 120 புள்ளி வீதம் 8 அங்குல அகலத்துக்கு 960 புள்ளி வரிசை. தலை ஒருமுறை குறுக்கே ஓட 960 எழுத்தளவு செய்தி வேண்டும். அதாவது சரியாக ஒரு நொடி. ஒரு வரிக்கு இரண்டு ஓட்டம் என்றால் 40 வரிக்கு 80 நொடி. விண்டோஸில் சாதாரண டிரைவர் மூலம் அடித்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். அங்கே 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' என்ற டிரைவரை நிறுவி எழுத்தாக அனுப்பினால் பழைய வேகம் திரும்பிவிடும். தமிழ்ப் பில்தான் வேண்டும் என்றால், பிரிண்டர் இடம் கொடுத்தால் வேகத்தை 19200-க்கு உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் டாஸ் கம்ப்யூட்டர்களில் 9600-ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

6. 'போதும், நிறுத்து' என்று சொல்லும் லைன்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. கேபிள் நொடிக்கு 960 எழுத்து கொடுக்கிறது. பிரிண்டர் நொடிக்கு 200 அடிக்கிறது. மீதி 760 எழுத்து ஒவ்வொரு நொடியும் பிரிண்டரின் பஃபர் என்ற சிறு கிடங்கில் சேர்கிறது. அது 4 கே.பி. கொண்டது என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை நொடிக்குள் நிரம்பிவிடும். அப்போது பிரிண்டர் 'கொஞ்சம் பொறு' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தனி லைன் உண்டு. அந்த லைன் கேபிளில் இல்லையென்றால் கம்ப்யூட்டர் நிற்காமல் அனுப்பும். நிரம்பிய கிடங்கின் வாசலில் கொட்டிய மூட்டைபோல எழுத்துகள் வீணாகிவிடும்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. 3200 எழுத்துள்ள பில் 4 கே.பி. கிடங்குக்குள் முழுதாக அடங்கிவிடும். அதனால் நிறுத்தும் லைன் இல்லாத மூன்று கம்பிக் கேபிளிலும் பில் அழகாக வரும். மெக்கானிக் ஒரு பில் அடித்துக் காட்டி, காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார். மாதக் கடைசியில் ஐந்து பக்கம் பாக்கிப் பட்டியல் அடிக்கும்போது நடுவில் சில வரிகள் காணாமல் போயிருக்கும். பட்டியலின் கீழே உள்ள மொத்தம் சரியாக இருக்கும், ஏனென்றால் அது கம்ப்யூட்டர் கூட்டியது. யாருடைய பாக்கி விடுபட்டது என்று தாளைப் பார்த்துத் தெரியாது. வசூலுக்குப் போகிறவர் அந்தத் தாளைத்தான் கையில் வைத்திருப்பார். விடுபட்ட கடைக்குப் போகவும் மாட்டார், கேட்கவும் மாட்டார்.

ஆகவே விதி இது: கேபிள் போட்டவுடன் குறைந்தது ஐந்து பக்கம் தொடர்ந்து அடித்துப் பார்த்து, வரிசை எண்களைச் சரிபார்த்த பிறகே வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிறுத்தச் சொல்வதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, தனிக் கம்பி மூலம் சொல்லும் ஹார்டுவேர் முறை. மற்றொன்று, எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என்ற இரு குறியீடுகளைத் திருப்பி அனுப்பும் மென்பொருள் முறை. டாஸ் தன் வழக்கமான அச்சு வேலையில் இரண்டாவதைக் கவனிப்பதில்லை. எனவே பிரிண்டரில் ஹார்டுவேர் முறையையே தேர்ந்தெடுங்கள்.

7. கேபிளின் உள்ளே

கம்ப்யூட்டரில் 9 ஊசி, பிரிண்டரில் 25 ஊசி என்றால் நேரடி இணைப்பு இப்படி:

கம்ப்யூட்டர் 3 (அனுப்புவது) – பிரிண்டர் 3 (பெறுவது)
கம்ப்யூட்டர் 2 (பெறுவது) – பிரிண்டர் 2 (அனுப்புவது)
கம்ப்யூட்டர் 5 (பொது) – பிரிண்டர் 7 (பொது)
கம்ப்யூட்டர் 6, 8 இரண்டும் சேர்ந்து – பிரிண்டர் 20 (நிறுத்தும் லைன்)
கம்ப்யூட்டர் 4 – பிரிண்டர் 5, 6, 8 மூன்றும் சேர்ந்து

3-க்கு 3, 2-க்கு 2 என்று எண் ஒன்றாக இருப்பதால் இதை நேர்க் கேபிள் என்று நினைக்க வேண்டாம். 9 ஊசியிலும் 25 ஊசியிலும் 2, 3 எண்களின் வேலை இடம் மாறியிருக்கிறது. உண்மையில் இது குறுக்குக் கேபிள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் குறுக்கு. சில பிரிண்டர்களில் நிறுத்தும் லைன் 20-ஆம் ஊசிக்குப் பதில் 11-இல் வரும். பிரிண்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரின் 6, 8 இரண்டையும் சேர்த்தே பிரிண்டர் 20-க்குக் கொடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். டாஸ் கம்ப்யூட்டர் இந்த இரண்டு ஊசியிலும் 'தயார்' என்ற சைகை வந்தால்தான் எழுத்தை அனுப்பும். ஒன்றை விட்டுவிட்டால் அசையவே அசையாது.

கேபிளுக்கு மேலே வலை சுற்றிய ஷீல்டு கம்பியைக் கேளுங்கள். வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். டியூப் லைட் சோக், ஃபிரீசர், மாவு அரைக்கும் மோட்டார் இவற்றின் மின் கம்பிகளோடு ஒரே குழாயில் இந்தக் கேபிளைக் கொண்டுபோகாதீர்கள்.

8. மூன்று கம்ப்யூட்டருக்கு சுவிட்ச் பெட்டி

கையால் திருகும் பெட்டி எளிமையானது. அ, ஆ, இ என்று குறியிட்ட துளைகளில் கம்ப்யூட்டர்கள். பொதுத் துளையில் பிரிண்டர். திருகு எந்தப் பக்கமோ அந்தக் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் சொந்தம். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, பெட்டி எல்லா லைன்களையும் மாற்றுகிறதா? 2, 3, 7 மட்டும் மாற்றும் மலிவுப் பெட்டியில் நிறுத்தும் லைன் இருக்காது. முன்பு சொன்ன வரி காணாமல் போகும் கதை திரும்பவும் நடக்கும்.

இரண்டாவது, குறுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குக் குறுக்குக் கேபிள், பெட்டியிலிருந்து பிரிண்டருக்கும் குறுக்குக் கேபிள் என்று போட்டால் இரண்டு குறுக்கும் சேர்ந்து நேராகிவிடும், ஒன்றும் அச்சாகாது. கம்ப்யூட்டரிலிருந்து பெட்டி வரை கடையில் கிடைக்கும் சாதாரண மோடம் கேபிளைப் போடுங்கள். பெட்டிக்கும் பிரிண்டருக்கும் நடுவே மட்டும் குறுக்குக் கேபிள். சொல்லிச் செய்யவேண்டிய கேபிள் ஒன்றோடு முடிந்தது. நாளை நாலாவது கம்ப்யூட்டர் வந்தாலும் கடையில் கிடைக்கும் கேபிளே போதும்.

மூன்றாவது, தூரம் 15 மீட்டர் என்பது கம்ப்யூட்டரிலிருந்து பெட்டி வழியாகப் பிரிண்டர் வரையான மொத்த நீளம்.

பெட்டியைத் திருகுவதற்கும் ஒழுங்கு வேண்டும். அச்சு ஓடும்போது திருகினால் ஒருவர் பில்லின் தலையும் இன்னொருவர் பில்லின் காலும் ஒரே தாளில் வரும். அதை வாடிக்கையாளரிடம் கொடுத்தால் பெயர் கெடும். பிரிண்டர் முழுதாக நின்ற பிறகே திருக வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். திருகு வேறு பக்கம் இருக்கும்போது பில் போட்டவரின் திரை அசையாமல் நிற்கும். 'ஹேங் ஆகிவிட்டது' என்று பதறி ரீசெட் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. டாஸ் பில்லிங் புரோகிராம்களில் நடுவில் நிறுத்தினால் இண்டெக்ஸ் ஃபைல் கெட்டு, அன்றைய விற்பனையைத் திரும்ப ஏற்ற வேண்டி வரலாம். திருகைத் தன் பக்கம் திருப்பினால் அச்சு தானாகத் தொடரும்.

திருகும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்குத் தானியங்கிப் பெட்டி உண்டு. எந்தத் துளையில் செய்தி வருகிறது என்று அதுவே மாறிமாறிப் பார்க்கும். நினைவகம் உள்ள பெட்டியானால் மூவரும் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் வாங்கி வைத்துக்கொண்டு வரிசையாக அடித்துத் தரும். விலை கூடுதல், ஆனால் கல்லாவில் கூட்டம் நிற்கும் கடைகளுக்கு இதுவே ஏற்றது.

9. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

வேகம், பிட் எண்ணிக்கை, பாரிட்டி, நிறுத்தும் முறை ஆகிய நான்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிரிண்டரில் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிண்டர்களில் இதற்கு டிப் சுவிட்ச்; புதியவற்றில் முன்பக்கப் பொத்தான்கள். மாற்றியபின் பிரிண்டரை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால்தான் மாற்றம் பதியும்.

டாஸ் கம்ப்யூட்டரில் இரண்டு கட்டளை போதும். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்:

மோட் காம்1:9600,என்,8,1,பி
மோட் எல்பிடி1:=காம்1:

முதல் கட்டளை சீரியல் துளையின் வேகத்தைச் சொல்கிறது. அதன் கடைசியில் உள்ள 'பி' முக்கியமானது. பிரிண்டர் தயாராகும்வரை விடாமல் முயலச் சொல்கிறது. அது இல்லையென்றால் சிறிது நேரத்தில் பிழைச் செய்தி வந்துவிடும். இரண்டாவது கட்டளை, பேரலலுக்குப் போக வேண்டிய அச்சை சீரியலுக்குத் திருப்பிவிடுகிறது. இரண்டையும் இதே வரிசையில் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் எழுதிவிட்டால் தினமும் காலையில் தானாக நடக்கும். பில்லிங் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் புரோகிராம்களில் 'செட் பிரிண்டர் டு காம்1' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லியும் இதே பலனைப் பெறலாம். பேரலல் துளைக்கு நேரடியாக எழுதும் சில புரோகிராம்களில் 'மோட்' திருப்பிவிடுதல் பலிக்காது. அங்கே புரோகிராமை மாற்றித்தான் ஆக வேண்டும்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போர்ட்ஸ் பகுதியில் காம் 1-ஐத் திறந்து இதே எண்களைக் கொடுத்து, ஃப்ளோ கண்ட்ரோல் என்ற இடத்தில் 'ஹார்டுவேர்' என்று வையுங்கள். பிறகு பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸில் காம் 1-ஐத் தேர்ந்தெடுங்கள்.

சீரியல் துளையே இல்லாத புதிய கம்ப்யூட்டருக்கு யூ.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கிறது. போலிச் சிப் வைத்த கேபிள்கள் சந்தையில் உண்டு. டிரைவர் அவற்றை ஏற்காமல் போகும். ரசீதோடு வாங்குங்கள். காம் 7, காம் 9 என்று எண் வந்துவிட்டால் பழைய புரோகிராம்களுக்குத் தெரியாது. டிவைஸ் மேனேஜரில் 1 முதல் 4-க்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

10. கோளாறும் காரணமும்

எதுவுமே அச்சாகவில்லை: முதலில் பிரிண்டரைத் தனியே சோதியுங்கள். எப்சன் வகையில் லைன் ஃபீட் பொத்தானை அழுத்தியபடி சுவிட்சைப் போட்டால் சோதனைப் பக்கம் அடிக்கும். அது வந்தால் பிரிண்டரில் குற்றமில்லை. கேபிளில் 2, 3 மாறியிருக்கலாம். அல்லது கம்ப்யூட்டர் 6, 8-க்குச் சைகை போகவில்லை.

புரியாத எழுத்துகள்: வேகம் அல்லது பாரிட்டி பொருந்தவில்லை.

முதல் சில பக்கம் சரி, பிறகு எழுத்து விடுபடுகிறது: நிறுத்தும் லைன் இல்லை, அல்லது பிரிண்டர் எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் முறையில் இருக்கிறது.

வரிகள் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகின்றன, அல்லது ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வரி வெற்றிடம்: கேபிளில் குற்றமில்லை, பிரிண்டரின் ஆட்டோ லைன் ஃபீட் அமைப்பை மாற்றுங்கள்.

எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகிறது: கேபிள் மோட்டாருக்கு அருகில் போகிறதா, திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை 4800-க்குக் குறைத்துப் பாருங்கள்.

இன்னும் பிடிபடவில்லையென்றால், லைன் ஃபீட், ஃபார்ம் ஃபீட் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி பிரிண்டரைப் போடுங்கள். வரும் ஒவ்வொரு எழுத்தையும் அதன் குறியீட்டு எண்ணாக அடிக்கும். கம்ப்யூட்டரிலிருந்து 123 என்று அனுப்பினால் 31 32 33 என்று வர வேண்டும். அப்படி வந்தால் கேபிளும் வேகமும் சரி, குறை புரோகிராமில். மெக்கானிக்குக்கும் புரோகிராம்காரருக்கும் நடுவே 'உன்மேல் தப்பு, என்மேல் தப்பு' என்ற வாக்குவாதத்தை இந்த ஒரு தாள் தீர்த்துவைக்கும்.

11. எர்த்தில் கவனம்

கடை ஒரு மீட்டரிலும் குடோன் வேறு மீட்டரிலும் இருந்தால் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். சீரியல் கேபிளின் பொதுக் கம்பி இரண்டையும் இணைக்கிறது. அந்த வித்தியாசம் முழுதும் மெல்லிய கம்பி வழியாக ஓடி, இரண்டு பக்கத்து சீரியல் சிப்பையும் சுட்டுவிடலாம். பழைய மதர்போர்டில் அது போனால் மாற்றுவது எளிதல்ல. எலெக்ட்ரீஷியனை வைத்து இரண்டு எர்த்துக்கும் இடையே மீட்டர் பிடித்துப் பாருங்கள். முடிந்தால் மூன்று கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் ஒளி மூலம் செய்தியைக் கடத்தும் ஆப்டோ ஐசொலேட்டரை நடுவில் போடுங்கள். எந்தக் கேபிளைச் செருகுவதானாலும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். இடி மின்னல் நாளில் கடை சாத்தும்போது குடோன் கேபிளைக் கழற்றி வைப்பது நல்ல பழக்கம்.

12. பிரிண்டர் பொது, கணக்கு தனி

பிரிண்டரைப் பங்கிடுவது வேறு. கணக்கைப் பங்கிடுவது வேறு. இந்தக் கேபிள் அச்சை மட்டுமே கொண்டுசெல்லும். கல்லாவில் விற்ற சர்க்கரை மூட்டை குடோன் கம்ப்யூட்டரின் இருப்பில் தானாகக் குறையாது. அது வேண்டுமென்றால் நெட்வொர்க்கும் அதற்கேற்ற புரோகிராமும் வேண்டும்.

அதேபோல் மூன்று கம்ப்யூட்டரிலும் பில் போட்டால் எண் மோதும். ஜி.எஸ்.டி. விதியின்படி பில் எண் தொடர்ச்சியாக, அந்த நிதியாண்டில் திரும்ப வராததாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எனவே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேறு முன்னெழுத்துக் கொடுத்துத் தனி வரிசையாக ஓட்டுங்கள். ஒரே பிரிண்டரில் கலந்து வரும் தாள்களைப் பிரித்து அடுக்கவும் அந்த முன்னெழுத்து உதவும்.

இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு உதவியை நிறுத்திவிட்டது. இத்தகைய பழைய கம்ப்யூட்டர்களை இன்டர்நெட்டில் இணைப்பது கல்லாவைத் திறந்துபோட்டுச் சாப்பிடப் போவது போல. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில் போன்றவற்றை ஒரு புதிய கம்ப்யூட்டரில் செய்துகொண்டு, பழையவற்றை இன்டர்நெட் பக்கமே காட்டாமல் சீரியல் கேபிளில் பிரிண்டரோடு மட்டும் இணைத்து வைத்தால், பழைய இயந்திரத்தின் உழைப்பும் கிடைக்கும், கணக்கும் பத்திரமாக இருக்கும்.

கடையில் எல்லாமே புதிய கம்ப்யூட்டர்களாக இருந்தால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நெட்வொர்க்கில் பிரிண்டரைப் பங்கிடுவது அவர்களுக்குச் சுலபம். பழையது இருக்கிறது, நன்றாக ஓடுகிறது, புரோகிராமை மாற்ற மனமில்லை என்பவர்களுக்கே இந்தப் பாடம்.

மெக்கானிக்கை அழைக்கும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்:

அ) ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சீரியல் துளை 9 ஊசியா, 25 ஊசியா?
ஆ) பிரிண்டரில் எந்தெந்தத் துளைகள் உள்ளன?
இ) கேபிள் போகும் வழியில் அளந்த நீளம் எத்தனை அடி?
ஈ) எல்லாம் ஒரே மீட்டர், ஒரே எர்த்தா?
உ) பில் எழுத்தாக அடிக்கிறதா, படமாகவா?

வேலை முடிந்ததும் ஐந்து பக்கப் பட்டியலை மூன்று கம்ப்யூட்டரிலிருந்தும் அடித்து, வரிக்கு வரி சரிபாருங்கள். கேபிளின் ஊசி எண்களை அவரிடம் எழுதி வாங்கிப் பிரிண்டரின் அடியில் ஒட்டி வையுங்கள். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு மறுநாள் காலையில் திரும்பச் செருகும்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.